திருடன் என்பார், இலவசம் என்பார்!

2024 நவம்பர் 25ந் தேதி டில்லியில் மத்திய மந்திரிசபை கூடி ஒரு தீர்மானம் செய்தது. 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்று திட்டத்துக்குப் பெயர். 30 பதிப்பகங்கள் நடத்தும் சுமார் 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகளை நம் நாட்டு சர்க்கார் கல்லூரிகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் படிப்பதற்காக 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பெரிய பத்திரிகைகள் வாழ்த்தி வரவேற்றன.

ஒன்பது மாதங்கூட முழுதாக ஓடவில்லை. 2025 ஆகஸ்டு 19ந் தேதி டில்லி ஹைகோர்ட்டு இன்னொரு உத்தரவு போட்டது. 'சை-ஹப்' என்ற இணையதளத்தை இந்தியாவில் எவரும் பார்க்க முடியாதபடி அடைத்துவிட வேண்டும் என்பது அந்த உத்தரவு. கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்டிரா எல்பாக்யான் என்ற இளம்பெண் 2011ல் தொடங்கியது அது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம் என்று திறந்து வைத்திருந்தார். இந்தச் செய்தியையும் பத்திரிகைகள் வெளியிட்டன. 'திருட்டுத் தளம்' என்ற அடைமொழியோடு வெளியிட்டன!

இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தோழர்களே. முதற் செய்தியில் கைமாறும் பணம் யாருடையது? இரண்டாவது செய்தியில் சாத்தப்பட்ட கதவு யார் முகத்துக்கு எதிரே சாத்தப்பட்டது? இவ்விரண்டு கேள்விகளையும் கேட்காமலே முன்னதற்கு 'அறிவு வளர்ச்சி' என்றும் பின்னதற்குத் 'திருட்டு' என்றும் பெயர் சூட்டியாகிவிட்டது. பெயர் சூட்டும் வேலை பத்திரிகையின் வேலை. வழக்கு கோர்ட்டுக்குப் போகுமுன்பே ஊர்ப் பேச்சில் பாதித் தீர்ப்பு அந்தப் பெயரால் எழுதப்பட்டுவிடுகிறது.

கோர்ட்டு உத்தரவின் சட்ட நுணுக்கத்துக்குள் நாம் இங்கே போகவில்லை. எல்சவியர், வைலி, அமெரிக்க ரசாயனக் கழகம் ஆகிய மூன்று பதிப்பகங்களும் 2020 டிசம்பரில் தொடுத்த வழக்கு அது. புதிய கட்டுரைகளைச் சேர்ப்பதில்லை என்று முன்பு கொடுத்த வாக்கு மீறப்பட்டது என்பதே இந்த உத்தரவுக்குச் சொல்லப்பட்ட காரணம். அது கிடக்கட்டும். திருட்டு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதல்லவா நம் விசாரணை?

யார் நெய்த துணி?

ஆராய்ச்சிப் பத்திரிகை என்னும் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று ஆலைத் தொழிலாளித் தோழரிடம் சொன்னால் நம்பவே மாட்டார்.

ஒரு சர்க்கார் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு விஞ்ஞானி காசநோயைப் பற்றி ஐந்தாண்டு உழைக்கிறார். அவருக்குச் சம்பளம் ஜனங்களின் வரிப்பணம். கருவிகள், மருந்துகள், மின்சாரம் எல்லாம் அதே வரிப்பணம். கண்டதை ஒரு கட்டுரையாக எழுதி வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு அனுப்புகிறார். பதிப்பகம் அவருக்கு ஒரு செல்லாக்காசும் தருவதில்லை. பெரும்பாலும் பதிப்புரிமையை எழுதி வாங்கிக்கொள்கிறது. சில பத்திரிகைகளில் எழுதியவரே பணமும் கட்டவேண்டும்! கட்டுரை சரிதானா என்று பார்க்கிறவர்கள் யார்? அதே துறையைச் சேர்ந்த மற்ற விஞ்ஞானிகள். அவர்களும் கூலியில்லாமல்தான் பார்க்கிறார்கள். இத்தனையும் முடிந்து கட்டுரை வெளிவந்த பிறகு, அதே ஆராய்ச்சிக் கூடத்து நூலகம் அதே வரிப்பணத்தைக் கொடுத்து அந்தப் பத்திரிகையை வாங்குகிறது.

கைத்தறி நெசவாளியை நினைத்துக்கொள்ளுங்கள். நூலும் அவனுடையது, தறியும் அவனுடையது, உழைப்பும் அவனுடையது. பக்கத்து வீட்டு நெசவாளி வந்து இழை சரியா என்று பார்த்துச் சொல்கிறான், கூலியில்லாமல். வியாபாரி வந்து துணியைச் சும்மா வாங்கிக்கொண்டு போய், முத்திரை குத்தி, அதே நெசவாளி வீட்டுத் திண்ணையில் கடை விரிக்கிறான். 'உன் துணிதான், விலை கொடுத்து வாங்கு' என்கிறான். வாங்கமாட்டேன், என் அண்ணன் வாங்கியதைப் பிரதி எடுத்துக்கொள்கிறேன் என்றால் 'திருடன், திருடன்' என்று கூப்பாடு போடுகிறான். பத்திரிகைக்காரர் ஓடிவந்து வியாபாரி சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறார்!

எல்சவியரின் தாய்க் கம்பெனியான ரெலெக்ஸ் 2023ம் ஆண்டுக்குக் காட்டிய கணக்கின்படி, அந்தப் பதிப்புப் பிரிவின் லாபம் வருமானத்தில் நூற்றுக்கு 38. எந்தப் பஞ்சாலை, எந்த இரும்பாலை இப்படிச் சம்பாதிக்கிறது?

பதிப்பகத்தில் உழைப்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. உழைப்பு இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். உலகத்து ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் கணிசமான பகுதிக்குப் பக்கம் கோத்து, பிழை திருத்தி, இணையத்துக்கேற்ற வடிவம் கொடுக்கிறவர்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள். தாம் கோத்த பக்கத்தையே மறுநாள் வீட்டிலிருந்து படிக்க வேண்டுமென்றால் ஒரு கட்டுரைக்கு 30 டாலரை ஒட்டி விலை கேட்கும். லாபத்தில் நூற்றுக்கு 38 இவர்கள் வீட்டுக்கா வருகிறது?

இனி, 6,000 கோடி கொடுத்து வாங்கிய சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்ப்போம். சுமார் 6,300 சர்க்கார் கல்வி நிலையங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் இதில் அடங்கும். 1 கோடியே 80 லட்சம் பேருக்குப் பயன் என்கிறது மத்திய சர்க்கார். நல்லது, அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் முதற் கட்டத்தில் தனியார் கல்லூரிகளுக்கு இடமில்லை. தமிழ்நாட்டிலே எத்தனை ஆயிரம் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் கடனை வாங்கிச் சுயநிதிக் கல்லூரியில் படிக்கிறார்கள் என்பது இந்தப் பத்தியைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர்களுக்குக் கதவு அடைப்பு. கிராமத்தில் சொந்த மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டருக்கு அடைப்பு. தன் நுரையீரலைத் தின்னும் பஞ்சுத்தூசி பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க விரும்பும் தொழிற்சங்கக் காரியதரிசிக்கும் அடைப்பு. இவர்களெல்லாம் எந்த வழியாக இதுவரை படித்தார்களோ, அந்த வழிக்குத்தான் 'திருட்டு' என்று பெயர்.

இந்தச் சொல்லை நம் நாட்டுக் கோர்ட்டே ஒரு முறை நிறுத்திவைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறது. டில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்ற பெயரில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த பாடப்பகுதிகளைப் பிரதி எடுத்து, தைத்து, பக்கத்துக்குச் சில்லறைக் காசு வாங்கிக்கொண்டு மாணவர்களுக்குக் கொடுத்துவந்தது. 2012ல் இந்தக் கடையின்மீது வழக்குப் போட்டவர்கள் யார்? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம், டெய்லர் அண்ட் பிரான்சிஸ்! மூன்று மலைகள் ஒரு பெட்டிக்கடையை நசுக்கப் புறப்பட்டன. மாணவர்கள் திரண்டு வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். அமர்த்தியா சென் பதிப்பகத்துக்கு எழுதி, வழக்கை விடுங்கள் என்றார். 2016 செப்டம்பர் 16ந் தேதி நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா தீர்ப்பளித்தார். பதிப்புரிமை தெய்வம் கொடுத்த உரிமையும் அல்ல, இயற்கை உரிமையும் அல்ல. பொதுஜனங்களின் அறிவு வளர வேண்டும் என்பதற்காகச் சட்டம் ஏற்படுத்திய ஏற்பாடு என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு டிசம்பரில் அப்பீல் பெஞ்சும், பாடம் நடத்துவதற்காகப் பிரதி எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது என்றது. 2017 மார்ச்சில் மூன்று பதிப்பகங்களும் வழக்கையே வாபஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டன. சட்டப் புத்தகத்தில் தீர்ப்பு இருக்கிறது. பத்திரிகை அகராதியில் மட்டும் பழைய சொல் மாறவில்லை.

அமெரிக்காவில் ஆரன் சுவார்ட்ஸ் என்ற இளைஞருக்கு அப்படி ஒரு ஜெயம் கிடைக்கவில்லை. எம்.ஐ.டி. கல்விக்கூடத்தின் இணைப்பு வழியாக 'ஜேஸ்டார்' என்னும் கட்டுரைக் களஞ்சியத்திலிருந்து லட்சக்கணக்கான கட்டுரைகளை இறக்கினார் என்று 2011 ஜனவரியில் கைது செய்யப்பட்டார். ஜேஸ்டார் நிர்வாகமே அவரோடு சமாதானம் செய்துகொண்டு வழக்கு வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டது. சர்க்கார் வக்கீல் விடவில்லை. கம்ப்யூட்டரால் எடுத்தாலும் கடப்பாரையால் எடுத்தாலும் திருட்டு திருட்டுத்தான் என்று அறிக்கை விட்டார். பத்திரிகைகள் அதை ஊரெங்கும் பரப்பின. பல பத்தாண்டுச் சிறைத் தண்டனை தலைக்குமேல் தொங்க, 2013 ஜனவரி 11ந் தேதி, 26 வயதில், அந்தப் பிள்ளை உயிரை மாய்த்துக்கொண்டான். அதன் பிறகு அதே பத்திரிகைகள் அவனை மேதை என்று எழுதின.

அறிவு பொதுச்சொத்து என்பதென்ன, தமிழனுக்குக் கடல் கடந்து வந்த புதுச் சரக்கா? பாரதியின் பாட்டு ஒரு காலத்தில் தனியார் சொத்தாக இருந்தது! ஒலிபரப்பு உரிமையும் இசைத்தட்டு உரிமையும் விலை போய், சினிமா முதலாளி கைக்கு வந்து சேர்ந்திருந்தன. 1940களின் கடைசியில், பாரதி பாட்டைப் பாடினதற்காக நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள்மீது வழக்கு எழுந்தபோது எழுத்தாளரும் கலைஞரும் கொதித்தெழுந்தார்கள். பாரதி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி தெருவுக்கு வந்தது. 1949ல் ஓமந்தூரார் மந்திரிசபை உரிமையை எடுத்துக்கொண்டது, குடும்பத்தாருக்குத் தொகை கொடுக்கப்பட்டது, ஏவி.எம். தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். 1955ல் அத்தனை எழுத்தும் ஜனங்களுக்கே என்று அறிவிக்கப்பட்டது. அதனால்தான் இன்று மே தின ஊர்வலத்தில் எவனுடைய அனுமதிச் சீட்டும் இல்லாமல் பாரதியைப் பாடிக்கொண்டு போகிறோம். எழுதிய குடும்பத்துக்குத் தொகை, படிக்கிற ஜனங்களுக்கு உரிமை: இரண்டும் ஒரே சமயத்தில் முடியும் என்று 70 ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் காட்டியாகிவிட்டது. புத்தகம் விற்றுச் சோறு தின்கிற ஏழை எழுத்தாளனின் புத்தகத்தைப் பிரதி எடுங்கள் என்று நாம் யாரையும் ஏவவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறோம். அவனையும் 38 பங்கு லாபக்காரனையும் ஒரே தட்டில் வைத்து அழுகிற பத்திரிகையின் கண்ணீரைத்தான் நாம் நம்பவில்லை.

மூடிய பெட்டி

இனி கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளின் கதைக்கு வருவோம். இங்கே வசைச்சொல் வேறு. சூட்சுமம் அதே சூட்சுமம்.

மென்பொருள் என்பது மனிதன் படிக்கக்கூடிய வரிகளாகத்தான் முதலில் எழுதப்படுகிறது. அதற்கு மூலநிரல் என்று பெயர். பிறகு அதைக் கம்ப்யூட்டர் மட்டும் விளங்கிக்கொள்ளும் எண்களாக மாற்றுகிறார்கள். கம்பெனிகள் நமக்கு விற்பது இந்த எண்களை மட்டுமே. மூலநிரல் அவர்கள் பெட்டகத்தில். மில்லில் ஒரு புது மிஷின் வந்து இறங்குகிறது, அதன் மூடியை ஈயம் வைத்து முத்திரை போட்டிருக்கிறார்கள், 30 வருஷ அனுபவமுள்ள பிட்டர் கூடத் திறந்து பார்க்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது எம்.ஐ.டி.யில் வேலை பார்த்த ரிச்சர்டு ஸ்டால்மனுக்கு. 1980ஐ ஒட்டி ஜெராக்ஸ் கம்பெனி கொடுத்த அச்சு இயந்திரத்தில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொண்டது. பழைய இயந்திரத்தில் சிக்கல் வந்தால் எல்லோருக்கும் தகவல் போகும்படி அவரே திருத்தி வைத்திருந்தார். புதியதின் மூலநிரல் கேட்டார். வைத்திருந்தவர், யாருக்கும் கொடுப்பதில்லை என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று மறுத்துவிட்டார். காகிதச் சிக்கலிலிருந்து ஒரு இயக்கம் பிறந்தது. 1983 செப்டம்பரில் 'குனூ' திட்டத்தை அறிவித்தார் ஸ்டால்மன். யாரும் இயக்கலாம், யாரும் திறந்து பார்த்துத் திருத்தலாம், யாருக்கும் பிரதி கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். விற்கவும் விற்கலாம்! ஒரே ஒரு நிபந்தனை: உனக்குக் கிடைத்த அதே உரிமையை உன்னிடமிருந்து பெறுகிறவனுக்கும் கொடுக்க வேண்டும். 1991ல் பின்லாந்து மாணவன் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய 'லினக்ஸ்' அடுத்த ஆண்டே இந்த நிபந்தனைக்குள் வந்தது.

இப்படிப்பட்டவர்கள் தங்களை 'ஹேக்கர்' என்று அழைத்துக்கொண்டார்கள். கருவியைப் பிரித்து மேய்ந்து பார்க்கும் கைகாரன் என்று அதற்குப் பொருள். பத்திரிகைகள் கையில் அகப்பட்ட பிறகு அந்தச் சொல்லுக்கு என்ன கதி ஆயிற்று? இன்று தமிழ்நாட்டில் 'ஹேக்கர்' என்றால் வங்கிப் பணத்தைக் கொள்ளையடிப்பவன்!

முதலாளிகள் சும்மா இருந்தார்களா? 1976லேயே, மென்பொருளைப் பகிர்ந்துகொண்ட பொழுதுபோக்குக்காரர்களைத் திருடர்கள் என்று சாடிப் பகிரங்கக் கடிதம் எழுதியவர் பில் கேட்ஸ். 2001ல் அவருடைய மைக்ரோசாப்ட் கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் பால்மர், லினக்ஸை ஒரு புற்றுநோய் என்று சிகாகோ பத்திரிகை ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தார். 2005 ஜனவரியில் மறுபடியும் கேட்ஸ்: அறிவுச் சொத்துரிமையைக் குறைக்கச் சொல்கிறவர்களெல்லாம் புது மாதிரிக் கம்யூனிஸ்டுகள் என்றார். வசையென்று நினைத்து வீசியிருக்கிறார், பாவம்! அந்த இளைஞர்களிலே பலருக்கு நம் கட்சி இருக்கிற திசைகூடத் தெரியாது. இருந்தாலும், பொதுச்சொத்து என்ற நினைப்பை முதலாளி எந்தப் பெயரால் அடையாளம் காண்கிறான் என்பதைத் தெரிந்துகொண்டோமே, அது போதும்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2014ல் அதே மைக்ரோசாப்டின் புதிய தலைவர் சத்ய நாதெல்லா, எங்களுக்கு லினக்ஸ்மீது அன்பு என்றார். 2018ல், உலகமெங்கும் கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களை வைத்திருக்கும் 'கிட்ஹப்' என்ற களத்தையே 750 கோடி டாலருக்கு மைக்ரோசாப்ட் வாங்கியது. நேற்றைக்குப் புற்றுநோய், இன்றைக்குக் காதலி! பத்திரிகைகள் இரண்டையும் ஒரே பயபக்தியோடு அச்சிட்டன. நடுவில் என்ன நடந்தது என்று கேட்ட நிருபர்கள் சிலரே. நடந்தது இதுதான்: 2017 நவம்பர் கணக்குப்படி உலகத்தின் மிகப்பெரிய 500 கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ், உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடிவயிற்றிலும் லினக்ஸ். வெல்ல முடியாத எதிரியை விலைக்கு வாங்குவது முதலாளித்துவத்தின் பழைய வழக்கம்.

இலவசம் என்னும் இழிசொல்

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் விடுதலைக்கும் வரும், விலையின்மைக்கும் வரும். அங்கே குழப்பம் நேர்ந்தால் மொழியைக் குறை சொல்லலாம். தமிழுக்கு அந்தத் தரித்திரம் இல்லை. விடுதலை வேறு, இலவசம் வேறு. 'கட்டற்ற மென்பொருள்' என்று தமிழ்த் தன்னார்வலர்கள் அழகான சொல்லை ஆக்கி வைத்திருக்கிறார்கள். நம் பத்திரிகைகள் பலவும் அதை விட்டுவிட்டு 'இலவச மென்பொருள்' என்றே எழுதிக்கொண்டிருக்கின்றன. தெரியாமல் என்றா நினைக்கிறீர்கள்? சிலர் தெரியாமல்தான். ஆனால் இலவசம் என்ற சொல்லுக்குத் தமிழ்ப் பத்திரிகையில் என்ன மரியாதை என்பது நமக்குத் தெரியும். ஏழைக்கு அரிசி, மாணவிக்குச் சைக்கிள், பெண்ணுக்குப் பஸ் பயணம் என்றால் உடனே 'இலவசக் கலாச்சாரம்' என்று தலையங்கம். 2022 ஜூலையில் பிரதமரே இதை 'ரேவடி' என்று மிட்டாய்க்கு ஒப்பிட்டுக் கேலி செய்தார். அதே பக்கத்தில் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் கோடிகளுக்கு 'ஊக்கத்தொகை' என்று பெயர்! இந்தச் சாக்குப்பைக்குள் கட்டற்ற மென்பொருளையும் தூக்கிப் போட்டுவிட்டால், 'சும்மா கிடைக்கிற சரக்கு, தரம் எப்படி இருக்கும்?' என்று வாசகனே முடிவு கட்டிக்கொள்வான் அல்லவா?

இலவசம் புனிதமாகிவிடும் நாளும் உண்டு. 2015ல் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பேஸ்புக் கம்பெனி ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஏழைக்கு இலவச இணையம் என்று முழுப்பக்க விளம்பரங்கள் நாள்தோறும் வந்தன. விஷயம் என்னவென்றால், பேஸ்புக் அனுமதித்த தளங்களுக்கு மட்டும் காசு இல்லை. மற்ற இணையத்துக்குக் காசு. வாசல் கம்பெனி கையில்! இலவசத்தைக் கண்டால் முகம் சுளிக்கும் பத்திரிகைகள் அந்த விளம்பரங்களை இரு கைநீட்டி வாங்கிக்கொண்டன. லட்சக்கணக்கானவர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். 2016 பிப்ரவரி 8ந் தேதி டிராய் அமைப்பு இந்த வகைக் கட்டணப் பாகுபாட்டைத் தடை செய்தது.

கேரளத்தைப் பாருங்கள். 2001ல் அங்கே பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் தொடங்கியபோது பாடப்புத்தகமே ஒரு கம்பெனியின் சரக்குப் பட்டியல்போல் இருந்தது. ஆசிரியர் இயக்கத்திலிருந்து எதிர்ப்புக் கிளம்பிற்று. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கைகொடுத்தார்கள். படிப்படியாகப் பள்ளிகள் அனைத்தும் லினக்ஸுக்கு மாறின. ஆசிரியர்களே பயிற்சி பெற்றார்கள். தாங்களே மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மலையாளத்தில் இயங்கும்படி, தங்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்றபடி மென்பொருளைத் திருத்திக்கொண்டார்கள். 2019 மே மாதம் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குப் புதிய பதிப்பு போடப்பட்டபோது செய்தி நிறுவனம் ஒன்று செய்தி அனுப்பியது; அகில இந்தியப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. செய்தியின் தலை எது? கேரளத்துக்கு 3,000 கோடி ரூபாய் மிச்சம்! மிச்சம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான பள்ளி ஆசிரியர்கள் ஈயமுத்திரையை உடைத்துப் பெட்டியைத் திறந்து, பிள்ளைகளுக்கும் திறந்து காட்டினார்களே, அது செய்தியாகவில்லை. கஞ்சனின் சிக்கனக் கணக்குப்போல் ஒரு கல்வி இயக்கம் கடைக்குறிப்பாயிற்று.

தமிழ்ப் பத்திரிகைகளே மூடிய பெட்டியால் பட்ட பாடு கொஞ்சமா? இணையம் வந்த புதிதில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனித்தனி எழுத்துரு, தனித்தனிப் பூட்டு. ஒன்றின் பக்கம் மற்றொன்றின் எழுத்தில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். எல்லோருக்கும் பொதுவான யூனிகோடு வந்து தமிழ்நாடு சர்க்காரும் 2010ல் அதை ஏற்ற பிறகுதான் அந்தத் தொல்லை அடங்க ஆரம்பித்தது. பொதுமையின் பலனை அனுபவித்துக்கொண்டே பொதுமையை இளக்காரம் பேசுகிறார்கள்.

பழுது நேரும்போது இந்தப் பாரபட்சம் இன்னும் பளிச்சென்று தெரியும். 2014 ஏப்ரலில் 'ஓபன்எஸ்எஸ்எல்' என்ற கட்டற்ற மென்பொருளில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வங்கிகளும் கடைகளும் இணையத்தில் ரகசியமாகப் பேச உதவும் மென்பொருள் அது. உடனே, திறந்து கிடப்பதை நம்பலாமா என்று கேள்வி. பின்னாலிருந்த உண்மை என்ன? பல்லாயிரம் கோடிக் கம்பெனிகள் சாய்ந்திருந்த அந்தத் தூணுக்கு முழுநேர ஊழியர் ஒரே ஒருவர். ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் நன்கொடை! 2024 ஜூலை 19ந் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனியின் மூடிய மென்பொருளில் அனுப்பிய ஒரு பிழையான திருத்தத்தால் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டிச் செத்து விழுந்தன. நம் விமான நிலையங்களில் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நாம் பார்த்த தலைப்புகளில் பெரும்பாலானவை 'தொழில்நுட்பக் கோளாறு' என்றே சொல்லின. மூடி கிடப்பதை நம்பலாமா என்ற கேள்வி அவற்றில் இல்லை.

கட்டற்ற மென்பொருள் என்றாலே சோஷலிசம் வந்துவிட்டது என்று நம் இளந்தோழர்கள் சிலர் குதிப்பதும் சரியல்ல. தன்னார்வலன் தூக்கம் கெட்டு எழுதியதை அமேசானும் கூகிளும் கூலியில்லாமல் எடுத்துக் கோடி கோடியாகச் சம்பாதிக்கின்றன. இப்போது செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. பொதுவில் கிடந்த நிரலும் எழுத்தும் அத்தனையும் அதற்குத் தீனி. அதில் ஒரு கம்பெனியான ஆந்த்ரோபிக், திருட்டுக் களஞ்சியங்களிலிருந்து லட்சக்கணக்கான புத்தகங்களை இறக்கிக்கொண்டதற்காக எழுத்தாளர்களுக்கு 150 கோடி டாலர் கொடுப்பதாக 2025 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. இதில் யாரும் சிறைக்குப் போகவில்லை. சுவார்ட்ஸ் என்ற பிள்ளைக்குக் காட்டிய கடப்பாரை உவமை இங்கே எந்த அறிக்கையிலும் காணோம்.

பணம் கொடுப்பவன் கேட்டால் கதவு திறக்கிறது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அதன் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையத்தின் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிகளின் கட்டுரைகளை வெளிவந்த அன்றே எல்லோரும் படிக்கத் திறந்துவைக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூலை 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்திருக்கிறது. நம் நாட்டிலும் விஞ்ஞானத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014லேயே கிட்டத்தட்ட இப்படி ஒரு கொள்கை அறிவித்தன. சர்க்கார் பணத்தில் எழுதிய கட்டுரையைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. வைக்காதவரை யாரும் கேட்பதில்லை. 2027 டிசம்பரோடு 'ஒரே சந்தா' ஒப்பந்தத்துக்கு ஒதுக்கிய காலம் முடிகிறது. புதுப்பிப்பதற்கான கோப்பு மேஜைக்கு வரும்போது பார்லிமெண்டில் நம் உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கணக்கு இது: இந்த மூன்று ஆண்டுகளில் இந்திய சர்க்கார் பணத்தில் எழுதப்பட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றில் பொதுக் களஞ்சியத்துக்கு வந்தவை எத்தனை, வராதவற்றை நம்மிடமே திரும்ப விற்றதற்கு எந்தப் பதிப்பகம் எத்தனை கோடி வாங்கியது?